மூன்று பள்ளிக்கூடமும் ஒரு லிஃப்ட்டும்

லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இருபது வருட மெக்கானிக் வேலையில் நான் கற்ற ஒரே உருப்படியான விஷயம் இதுதான். பேச்சு நின்றால் உள்ளே இருப்பவர் கதவை உதைக்க ஆரம்பித்துவிடுவார்.

அன்று மாட்டியவர் ஓர் அச்சகக்காரர். மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே தொங்கிக்கொண்டிருந்தார். நான் மொட்டைமாடியில், மோட்டார் அறையில், லிஃப்ட்டை மேலே ஏற்றச் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தேன். இன்டர்காமில் அவர் குரல் மட்டும் வந்தது.

"பிள்ளைங்க எத்தனை சார்?" என்று வழக்கம்போல ஆரம்பித்தேன்.

"ஒரே பொண்ணுண்ணே. அவளுக்காகத்தான் பதறுறேன். ஆறாம் வகுப்பு அட்மிஷன். வெயிட்டிங் லிஸ்ட்ல அவதான் முதல். யாராவது எடத்தை விட்டா இன்னைக்கு நாலு மணிக்குள்ள ஃபோன் வரும். இங்க சிக்னலே இல்ல. எடுக்கலன்னா அடுத்த பிள்ளையக் கூப்பிட்டுருவாங்க."

"கெடைக்கலன்னா?"

"வேற ஊர்ல அவ அத்தை வீட்டுக்கு அனுப்பணும். இங்க எங்கயும் எடமில்ல. பொட்டி கட்டி வச்சாச்சு."

"எந்த ஸ்கூலு?"

"மணிக்கூண்டுப் பக்கத்துல இருக்கே, அது."

என் கை சக்கரத்திலேயே நின்றுவிட்டது.

அந்தப் பள்ளியில் என் மகள் வாலுவுக்கு ஓர் இடம் இருந்தது. அது போதாதென்று வேறு இரண்டு பள்ளிகளிலும் இருந்தது. அவள் சேரப்போவது எங்கள் அடுத்த தெருப் பள்ளியில்தான்; அங்கே பேர்கூடப் பதிந்தாகிவிட்டது. மற்ற இரண்டும் சும்மா. "கைல இருக்கட்டும்" என்று பிடித்துவைத்திருந்தது என் மனைவி. நானும் ஒன்றும் உத்தமன் இல்லை. மூன்று இடத்தில் கிடைத்திருக்கிறது என்று பார்த்தவர்களிடமெல்லாம் தம்பட்டம் அடித்தவன் நான்தான்.

"அண்ணே, இருக்கீங்களா?"

"இருக்கேன் சார், இருக்கேன்."

வராத ஃபோனுக்காக அந்த மனுஷன் தவிக்கிறார். அதை வரவிடாமல் செய்த நானே அவரிடம் குசலம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

மணி மூன்றே முக்கால். ஃபோனை ஸ்பீக்கரில் வைத்துவிட்டு, சக்கரத்தைச் சுற்றியபடியே, கண்ணாடிக் கடையில் வேலையாக இருந்த மனைவியைக் கூப்பிட்டேன்.

"அந்த மணிக்கூண்டு ஸ்கூலையும் இன்னொன்னையும் விட்டுருவோம்."

"வேலை நேரத்துல கூப்பிட்டு இதானா? கடைசி நேரத்துல அடுத்த தெரு ஸ்கூல்ல இல்லன்னுட்டா?"

"பேரு பதிஞ்சாச்சேம்மா."

"சின்ன வயசுல என் பேருதான் வெயிட்டிங் லிஸ்ட்ல முதல்ல இருந்துச்சு. கடைசி வரைக்கும் யாரும் கூப்பிடல. அந்த வருஷம் பூரா ஜன்னல்ல நின்னு மத்த பிள்ளைங்க ஸ்கூல் போறதைப் பாத்தேன். என் பொண்ணுக்கு அது வேணாம்."

பதினான்கு வருடக் குடித்தனத்தில் இதை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. ஜன்னலில் நின்ற அந்தச் சின்னப் பெண்தான் கண்முன் வந்தாள்.

"அண்ணே," என்றது இன்டர்காம். அதை அணைக்க மறந்திருந்தேன். "எங்களால உங்க வீட்ல சண்டை வேணாம். அக்கா பயப்படுறதும் நியாயந்தான்."

"யாரு அது?" என்றாள் மனைவி.

"லிஃப்ட்டுல மாட்டினவரு. மணிக்கூண்டு ஸ்கூல் லிஸ்ட்ல இவர் பொண்ணுதான் முதல்."

"ஃபோனை வைங்க" என்று துண்டித்துவிட்டாள். சரி, வீட்டுக்குப் போனால் நல்ல டோஸ் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

லிஃப்ட் நான்காம் மாடிக்கு வந்ததும் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். அச்சகக்காரர் வியர்வையில் தொப்பலாக நனைந்து வெளியே வந்தார். நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. சிக்னல் கிடைத்ததுதான் தாமதம், ஃபோன் அடித்தது. அவர் அதைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"எடுங்க சார்!" என்று கத்தினேன்.

"ஆமாங்க... அப்பாதான் பேசுறேன்... சேத்துக்கிறோங்க... காலைலயே வந்துர்றோம்."

அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

என் ஃபோன் அடித்தது.

"எடுத்தாரா?" என்றாள் மனைவி.

"எடுத்துட்டாரு. ரெண்டு எடத்தையுமா விட்டுட்ட?"

"ம். அந்த இன்னொரு ஸ்கூல் லிஸ்ட்லயும் ஒருத்தி ஃபோன் பக்கத்துலயே உக்காந்திருப்பாள்ல."