கப்பல் கொண்டுவந்த வரிசை

எனக்குச் சந்தேகம் கொஞ்சம் கூடத்தான். மீன்காரரின் தராசை நம்பமாட்டேன். ஒரு டொக்டர் எழுதிய மருந்தை இன்னொருவரிடம் காட்டாமல் விழுங்கமாட்டேன். அப்படிப்பட்ட எனக்கு, தெரியாத நம்பரிலிருந்து ஒருவன் கோல் எடுத்து, “ஸஹ்ரா, நான் இக்ராம் நானா கதைக்கிறன். வாப்பாட்ட குடு” என்றான்.

இக்ராம் நானா என் கூடப் பிறந்த மூத்தவர். வாப்பா பேசி முடித்த கல்யாணத்தை உதறிவிட்டு, அவரோடு சண்டை பிடித்துக்கொண்டு கட்டாருக்குப் போனவர். பத்து வருடத்துக்கு மேலாகிறது, ஒரு சலாம்கூட இல்லை. இதற்கிடையில் வாப்பாவும் மௌத்தாகி அடக்கமாகிவிட்டார். எங்கள் ஊர் கிண்ணியா முழுக்கத் தெரிந்த அந்த மௌத்து இவனுக்கு மட்டும் தெரியவில்லையாம்.

குரல் அசல் நானாவின் குரல். எனக்கு எரிச்சல் வந்ததே அதனால்தான். போன மாதம் பக்கத்துக் குறிஞ்சாக்கேணியில் ஒரு வீட்டுக்காரரை, வெளிநாட்டிலிருக்கும் மகனின் குரலிலேயே கதைத்து ஏமாற்றியிருந்தார்கள். இப்போது யாருடைய குரலையும் கம்பியூட்டர் செய்து கொடுக்கிறது.

“வாப்பா வெளியில. நாளைக்கு எடுங்க” என்று வைத்துவிட்டேன்.

“ஆரு மகள்?” என்று குசினிக்குள்ளிருந்து உம்மா கேட்டார். பேங்க் என்றேன். இக்ராம் என்ற பெயரைக் கேட்டாலே உம்மா எதையும் நம்பிவிடுவார். பிறகு அது பொய்யென்று தெரிந்தால் அந்த மனுசி எழும்பமாட்டார்.

இவனை எதைக் கேட்டுப் பிடிப்பது? பள்ளிக்கூடம், சொந்தக்காரர் பெயர் எல்லாம் பேஸ்புக்கில் இருக்கிறது. யோசித்து யோசித்துக் கடைசியில் ‘சில்வர் போர்ட்’ ஞாபகம் வந்தது. சின்னதில் நானாவும் நானும் பைத்தியமாகக் கிடந்த கம்பியூட்டர் கேம். மூன்று பாகம். முதலாவதில் ராஜா முடிசூடுவார், இரண்டாவதில் கடலில் சண்டை பிடிப்பார், மூன்றாவதில் செத்துப்போவார்.

உலகத்துக்கு அப்படித்தான் வந்தது. எங்களுக்கு அப்படி வரவில்லை. திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கோதுமைக் கப்பலில் வருகிறவர்களிடம் டவுன் கடைக்காரர் முஹம்மது தம்பி டிஸ்க் வாங்குவார். எது முதலில் கைக்கு வருகிறதோ அதைக் கொப்பி அடித்து, தன் கையாலேயே ஒன்று, இரண்டு என்று இலக்கம் போட்டு விற்பார். எங்களுக்கு ‘ஒன்று’ என்று வந்தது ராஜா சாகிற பாகம். ‘இரண்டு’ முடிசூட்டு. அதில் படமெல்லாம் மங்கலாக இருந்ததால் கொம்பனி நொடித்துப்போய்விட்டது என்று நானா கவலைப்பட்டார். செத்த ராஜா எப்படி எழும்பினார் என்று கேட்டேன். “அவர் செத்த மாதிரி நடிச்சவர்” என்று அடித்துச் சொன்னார். கடல் சண்டை கடைசியாக வந்தது.

சரியான வரிசை இணையத்தில் கிடக்கிறது. எங்கள் பிழையான வரிசை எங்கேயும் இல்லை. கள்ளன் தேடிப் பார்த்துச் சரியாகச் சொல்லுவான், சொன்னால் மாட்டினான்.

மறுநாள் எடுத்தான். “வாப்பா வந்திட்டாரா?”

“முதல்ல ஒண்டு சொல்லுங்க. சில்வர் போர்ட் பாகமெல்லாம் என்ன வரிசையில வந்தது?”

சிரித்தான். “முடிசூட்டு தொண்ணூத்தி மூண்டில. பிறகு கடல் சண்டை. கடைசியா ராஜா சாகிறது.”

“இனி எடுத்தா பொலிசுக்குப் போவன்” என்று வெட்டினேன்.

பிடித்துவிட்டேன். ஆனால் சந்தோசம் வரவில்லை, அழுகைதான் வந்தது. இவன் நானாவாகவே இருக்கட்டும் என்று என் மனம் அவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் குரல் செய்தி ஒன்று வந்தது.

“கோவிக்காத ஸஹ்ரா. நீ கேட்டது உலகத்துக்கு வந்த வரிசையா, முஹம்மது தம்பிட கடைக்கு வந்த வரிசையா? கடையில எண்டா ராஜா முதல் பாகத்திலயே செத்திட்டார். அவர் நடிக்கேல்ல எண்டது எனக்கே இங்க வந்து தேடிப் படிச்சாப் பிறகுதான் தெரியும்.”

நானே அவருக்கு எடுத்தேன். “நானா” என்றேன். அந்தப் பக்கம் அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“இப்பவாவது வாப்பாட்ட குடு” என்றார். “மன்னிப்புக் கேக்கோணும். கதைக்கமாட்டன் எண்டு சொன்னாலும் பரவாயில்ல, போனை அவர்ட காதில வை. நான் சொல்லிட்டு வைக்கிறன்.”

வாப்பா மௌத்தானதை நேற்றே சொல்லியிருக்கலாம். கள்ளன் என்று நினைத்திருந்தவனிடம் அதைச் சொல்வது எவ்வளவு லேசாக இருந்திருக்கும்.

“நானா,” என்றேன், “பக்கத்தில கதிரை கிடந்தா முதல்ல அதில குந்துங்க.”