தாங்கிசோவின் தோட்டம் ஆற்றைக் கடந்தது

தாங்கிசோ வெல்கோம் என்ற தொலைதூர நகரில் சுரங்கத்துக்குள் இருந்தபடி வீட்டை நினைத்தபோதெல்லாம், மலைமேல் ஹா மொலுபி என்ற ஊரில் இருந்த அவன் முற்றத்தில் கற்கள் இடம் மாறிக்கொண்டன. முதல் தடவை அது நடந்தது மே மாதத்தில், சந்தையில் வெங்காயம் மலிந்திருந்த வாரத்தில். அதற்கு முன் ஈஸ்டர் விடுப்பில் வந்திருந்தவன், குதிரையிலிருந்து விழுந்து இடுப்பு பிசகிய மனைவி மாபுலெங் ஒரு கையால் முதுகைப் பிடித்துக்கொண்டு கீரைப் பாத்தியில் குனிவதைப் பார்க்கப் பொறுக்காமல், அவளுக்காக உயரத்தில் ஒரு தோட்டம் கட்டத் தொடங்கியிருந்தான். அந்த மலையில் பலரும் கட்டுகிற வட்டத் தோட்டம்தான். அடியில் துருப்பிடித்த தகர டப்பாக்கள், மேலே கற்றாழை மட்டை, சாணம், சாம்பல், மண், சுற்றிலும் இடுப்பளவுக்குக் கல் சுவர். நடுவில் குச்சியும் புல்லும் வைத்துக் கட்டிய கூடை. அதில் பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றினால் தோட்டம் முழுவதும் குடித்துக்கொள்ளும். அதோடு அவன் ஓர் இருக்கையும் சேர்க்க நினைத்தான். சுவரை ஓரிடத்தில் தாழ்த்தி ஒரு பலகைக் கல்லைப் போட்டுவிட்டால், அவள் பக்கவாட்டில் உட்கார்ந்தபடியே களை பறிக்கலாம். இரண்டு வரிசைதான் வைத்திருந்தான், விடுப்பு முடிந்தது. மீதியைத் தலைக்குள் ஏற்றிக்கொண்டு பஸ் ஏறிவிட்டான்.

சுரங்கத்தில் அவன் வேலை, மேல்பாறை சரியாதபடி கட்டைகளை அடுக்கி முட்டுக் கொடுப்பது. எதையும் நாலு தரம் அளந்து பார்க்காமல் நிறுத்தாத கை. அந்தக் கையின் புத்தி தோட்டத்துக்கும் வந்தது. மே மாதத்தில் ஒரு காலை மாபுலெங் கதவைத் திறந்தபோது மூன்றாவது வரிசை நின்றிருந்தது. அந்த வாரக் கடைசியில் நான்காவது. பக்கத்து வீட்டு மாதோகோ வேலியில் சாய்ந்துகொண்டு வெகுநேரம் பார்த்தாள். "எங்க வீட்டுல ஒரு ஆள் வருஷம் பூரா வீட்டுலயே கெடக்குறாரு. ஒரு கல்ல அந்தப் பக்கம் நகத்துனதில்ல. உன் வீட்டுக்காரரு வராமலே செவுரு எழுப்புறாரு. கொடுத்து வச்சவ நீ" என்றாள். மாபுலெங்கும் அப்படித்தான் நினைத்தாள். அந்தப் பக்கத்தில் ஜூனும் ஜூலையும்தான் குளிர்காலம்; அது கழிந்து பனி உருகியதும் மண்ணைக் கொட்டி, கீரையும் பீட்ரூட்டும் நட்டாள்.

நட்ட பிறகுதான் தொல்லை. வடக்குப் பக்கம், வெயில் படும்படி இருந்த இருக்கை, காற்று அடிக்குமே என்று அவனுக்குத் தோன்றியதும் கிழக்குக்குப் போனது. கிழக்கில் உட்கார்ந்தால் வாசலுக்கு முதுகு காட்ட வேண்டுமே என்று மேற்குக்குப் போனது. போகிற வழியில் இருந்த கீரையெல்லாம் வேரோடு சரிந்தது. மறுபடி நட்டாள். மறுபடி சரிந்தது. சாய்வதற்கு முதுகுக்கல் முளைத்தது, அவள் முதுகில் கட்டியிருக்கும் குழந்தைக்குக் குத்தும் என்று மறுநாளே மறைந்தது. கடைசியில் அவள் குழந்தை புலெங்கை முதுகில் கட்டிக்கொண்டு, போன் பேச ஊரில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான மேட்டுக்கு ஏறினாள்.

"புலெங்கப்பா, கொஞ்சம் யோசிக்காம இருங்களேன்."

"இருக்கேன் இருக்கேன். ஆமா, இப்ப உயரம் சரியா இருக்கா? முட்டி மடங்குதா? நாலு விரக்கடை எறக்கிட்டா..."

"அய்யோ, எறக்காதீங்க! இப்பத்தான் கேரட் மொளைக்குது."

இறங்கி வந்து பார்த்தபோது இருக்கை சரியாக நாலு விரற்கடை இறங்கியிருந்தது. அன்றுதான் அவள் அதில் முதல் முறையாக நிம்மதியாக உட்கார்ந்து, தோட்டத்தைச் சுற்றிலும் கண்ணை ஓட்டினாள். இத்தனை மாதமாக, இத்தனை மாற்றத்திலும், ஒரே ஓர் இருக்கைதான் இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அடுத்த ஞாயிறு மேட்டுக்கு ஏறி அதையே கேட்டாள்.

"நீங்க எங்க உக்காருவீங்க?"

"நானா? வருஷத்துல ரெண்டு தடவை வந்து போறவனுக்கு எதுக்கு எடம்? நான் நின்னுக்குவேன்."

அவன் அதைத் தியாகம் போலத்தான் சொன்னான். அவளுக்கு அது வேறு மாதிரி, இது தன் வீடே இல்லை என்று அவன் சொல்வது போல, கேட்டது. வீட்டுக்கு வந்து, கம்பளியைப் போர்த்தி முன்னால் ஊசியால் மாட்டிக்கொண்டு, கதவைக் கயிற்றால் கட்டிவிட்டு, குழந்தையோடு செங்கு ஆற்றைக் கடந்து பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த மலையில் கோபித்துக்கொண்டு போகிற மனைவிக்கு முறை உண்டு. பிறந்த வீட்டார் எதுவும் கேட்க மாட்டார்கள், சோறு போடுவார்கள். புருஷன்தான் தன் காலால் நடந்து வந்து, மாமனார் முன்னால் தன் குற்றத்தைத் தன் வாயால் சொல்லி அழைத்துப் போக வேண்டும். அவள் அப்பா ராமொகெலே அப்படியே சொல்லி அனுப்பினார். கிறிஸ்துமஸுக்கு முன் விடுப்பு கிடையாது என்று சுரங்கத்தில் சொல்லிவிட்டார்கள்.

அவன் வரவில்லை. தோட்டம் வந்தது. ஓர் அக்டோபர் காலையில் ராமொகெலேயின் முற்றத்தில் முழு வட்டமாக உட்கார்ந்திருந்தது. மூன்றாவது வரிசை வரை ஆற்றுத் தண்ணீரின் ஈரம், உள்ளே கீரை ஒரு இலைகூட வாடாமல். மருமகனின் தோட்டம் என்பதால், மருமகனே எதிரில் நிற்பது போல, மாமியார் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு அதைக் கடந்து போனாள். ஊர் ஆண்கள் கூடி, இதை மருமகன் வந்ததாகக் கணக்கில் எடுக்கலாமா என்று பேசினார்கள். ஒருவர், நடந்துதானே வந்திருக்கிறது, ஏற்றுக்கொள்ளலாம் என்றார். ராமொகெலே சுவரைச் சுற்றி நடந்து பார்த்தார்.

"வந்தவங்களுக்குத் தண்ணி குடுக்கணும், குடுத்துடலாம்" என்று கூடையில் ஒரு குடம் ஊற்றினார். "ஆனா குத்தத்தைச் சொல்லணும்ல? இதுக்கு வாய் எங்க இருக்கு?"

மாபுலெங் அந்த ஊர் மேட்டிலிருந்து போன் செய்தாள். "தோட்டம் வந்து சேந்துருச்சு. அப்பா தண்ணி குடுத்தாரு. நான் வரல."

"என்னதான் வேணும், சொல்லு புலெங்கம்மா. ராப்பகலா உனக்காகத்தான யோசிக்கிறேன்."

"எனக்காக யோசிச்சது போதும். உங்கள எங்க வச்சிருக்கீங்க? அத யோசிங்க."

இணைப்பு போனது.

அதன் பிறகு பல நாள் கற்கள் அசையவில்லை. இருக்கை எங்கே, எவ்வளவு உயரம் என்றெல்லாம் ஓடிக்கொண்டிருந்த புத்தி, தன்னையே ஓரிடத்தில் உட்கார வைத்துப் பார் என்றதும் திகைத்து நின்றிருக்க வேண்டும். அவனுக்கு அதில் பழக்கம் இல்லை. விடுதியில் அடுக்குக் கட்டில், கூண்டு லிப்டில் தோளோடு தோள், பஸ்ஸில் கிடைத்த ஓரம் என்று பதினெட்டு வயதிலிருந்து அவன் இடம் எல்லாமே யாரோ ஒதுக்கியது. மாபுலெங் தினமும் காலையில் தோட்டத்தைப் பார்த்துவிட்டுக் கீரை கிள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அம்மா மட்டும், "ரொம்ப இழுக்காதடி, அறுந்துறப் போவுது" என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்.

நவம்பரில் ஒரு நாள் கூடைக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத மூலையில், ஒரு சின்னக் கல் சுவரிலிருந்து கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு கோழி உட்காரலாம். மாபுலெங் அதன் முன்னால் நின்று சிரித்தாள். பிறகு கம்பளி ஓரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கல் நாளுக்கு நாள் அகலமானது, வெட்கப்படுகிற விருந்தாளி போலச் சுவர் ஓரமாகவே நகர்ந்து வந்தது. இந்த முறை ஒரு செடிகூடச் சரியவில்லை. அவள் இருக்கைக்கு ஒரு முழம் தள்ளி வந்து நின்றது. இரண்டு நாள் அப்படியே தயங்கி நின்றது. மூன்றாம் நாள் காலை, இரண்டு இருக்கையும் சேர்ந்து ஒரே நீளப் பலகைக் கல்லாகக் கிடந்தன.

டிசம்பரில் தாங்கிசோ பஸ்ஸை விட்டு இறங்கி, தன் வீட்டுக்குப் போகாமல் நேராக மாமனார் வீட்டுக்கு நடந்தான். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, "மாமா, என் மேலதான் தப்பு" என்று தொடங்கினான்.

"தெரியும்பா. நீ ஒரு மாசமா சொல்லிக்கிட்டுத்தான இருந்த, நாங்க பாத்துக்கிட்டுத்தான இருந்தோம்" என்றார் ராமொகெலே. "போய் உக்காரு. கால் வலிக்கும்."

அவன் உட்கார்ந்தான். மாபுலெங் கொஞ்சம் தள்ளி இடம் விட்டாள். கல் அவன் அளவுக்குச் சரியாக இருந்தது. தன் அளவை அவன் எப்படிக் கண்டுபிடித்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

தோட்டத்தைத் திரும்ப அழைத்துப் போக முடியவில்லை. அவன் எதிரில் இருந்தபோது, எவ்வளவு யோசித்தும் ஒரு கூழாங்கல்கூட அசையவில்லை. எனவே அது மாமனார் முற்றத்திலேயே நின்றுவிட்டது. ஹா மொலுபியில் இருவரும் சேர்ந்து இன்னொன்று கட்டினார்கள், கையாலேயே, சற்றுக் கோணலாக, அதே போல நீளப் பலகைக் கல்லோடு. ஜனவரியில் அவன் வேலைக்குத் திரும்பிய பிறகும் அந்தக் கற்கள் இடம் மாறவில்லை. அவனுக்கு ஓய்வு நாளான சனிக்கிழமைகளில் மட்டும் பலகைக் கல்லின் இடது பாதி, வெயிலே இல்லாத நாளிலும், ஆள் உட்கார்ந்து எழுந்தது போலச் சூடாக இருக்கும். மாபுலெங் வலது பாதியில் உட்கார்ந்து பீன்ஸ் உரிப்பாள். வேலியைத் தாண்டி வந்த மாதோகோ ஒரு நாள் அப்பாடா என்று அந்தப் பக்கம் சாயப் போனாள்.

"அக்கா, இந்தப் பக்கம் வாங்க" என்றாள் மாபுலெங், நகர்ந்து இடம் கொடுத்து. "அங்க ஆள் இருக்கு."

மாதோகோ, மன்னிச்சுக்குங்க தம்பி என்று சொல்லிவிட்டு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள்.