மாதாத்துறைக்குப் பச்சை

திரையில் சிவப்பு, தாளில் பச்சை. இரண்டில் எது நிஜம் என்று ஷெர்லி மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது மணி ஒன்றரை. கள்ளக்கடல் இரண்டரைக்கு ஏறும் என்று எச்சரிக்கை.

கள்ளக்கடலுக்குப் புயலும் வேண்டாம், மழையும் வேண்டாம். வெயில் அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கும். எங்கோ தெற்கே கிளம்பிய அலை சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குள் வந்து நிற்கும். எந்தக் கடல்துறையில் எவ்வளவு தண்ணீர் ஏறும் என்று ஊருக்கு ஒரு வரைபடம் நிறம் போட்டுக் கொடுப்பதுதான் கோட்டாறு அலுவலகத்தில் அவளுக்கு வேலை. பச்சை என்றால் இருக்கலாம், சிவப்பு என்றால் கிளம்ப வேண்டும். பன்னிரண்டு படங்களையும் காலையிலேயே அனுப்பிவிட்டாள். அதில் ஒன்று அவளுடைய சொந்த ஊர், மாதாத்துறை. மாதா கோயில் பலகையில் அதை ஒட்டியிருப்பதை அம்மா நேசம்மாள் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். ஊர் முழுக்கப் பச்சை.

நேற்றுத் திரையில் பார்த்தபோது எங்கள் தெரு செக்கச்செவேலென்று இருந்ததே!

“பிரிண்டர்ல செவப்பு மை தீந்திருக்கும்” என்றான் பக்கத்து மேசை உபைத். அவனுக்கு எதற்கெடுத்தாலும் பிரிண்டர்தான் குற்றவாளி.

“பிடிஎஃப்லயே பச்சைதான் உபைது.”

பிடிஎஃப்பை விட்டுவிட்டுப் படக் கோப்பாக எடுத்துப் பார்த்தாள். பச்சை. நிற முறையை மாற்றினாள். மறுபடியும் பச்சை. உள்ளுக்குள் ஒரு பாழாய்ப்போன ஆசை வேறு: பச்சையே நிஜமாக இருந்துவிடக் கூடாதா, மாதாவே!

பிறகுதான் உறைத்தது. திரையில் அவள் வீடுகளை மட்டும் பெரிதாக்கிப் பார்த்திருந்தாள். தாளிலோ ஊர் முழுவதும் வரும், கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுக் கல்சுவர் உட்பட. திரையில் படத்தை இழுத்து அந்தச் சுவரைக் கொண்டுவந்தாள். கண்ணெதிரே தெருக்களின் சிவப்பெல்லாம் பச்சையாக மாறியது. சுவரின் நுனியில் ஒரே ஒரு புள்ளி மட்டும் சிவப்பு. அதைச் சொடுக்கினாள். தண்ணீரின் ஆழம் 9999 மீட்டர்.

அளவு கிடைக்காத இடத்தில் போட்டுவைக்கிற வெற்று எண் அது. நீக்க மறந்திருந்தாள். மென்பொருளுக்கு என்ன தெரியும்? கண்ணில் படுவதில் பெரிய எண்ணுக்குச் சிவப்பைக் கொடுக்கும், மற்றதை அதற்குத் தக்கபடி பிரிக்கும். ஒன்பதாயிரத்துக்கு முன்னால் இரண்டு மீட்டர் தண்ணீர் எம்மாத்திரம்! அந்தப் புள்ளியை நீக்கிவிட்டுப் புதிதாக ஒரு தாள் எடுத்தாள். கடற்கரையிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் சிவப்பு. கோயில் மண்டபமும் சிவப்பு.

உடனே அம்மாவைப் போனில் கூப்பிட்டாள். மூன்றாம் தடவைதான் எடுத்தாள். பின்னால் ஒரே குழந்தைகள் சத்தம்.

“எம்மா, அங்க என்ன கூட்டம்?”

“பக்கத்துத் துறைக்காரவியதான் மக்கா. அவியளுக்குச் செவப்புல்லா? நம்ம ஊரு பச்சைன்னு ஃபாதர் பிள்ளையள எல்லாம் இங்க மண்டபத்துக்குக் கூட்டிட்டு வந்துட்டாரு. படம் போட்டது எம்மவதான்னு எல்லாருட்டயும் சொன்னேன் கேட்டியா.”

ஷெர்லி கத்தினாள். “எம்மா, படம் தப்பு! நான் போட்டது தப்பு! கோயில் மணிய அடிக்கச் சொல்லு. பிள்ளையளக் கூட்டிட்டு மேட்டு ரோட்டுக்கு ஓடுங்க!”

“ஏட்டி, சும்மா பயங்காட்டாத. வெயிலு மண்டையப் பொளக்குது. கடலுல ஒரு இரைச்சலும் இல்ல.”

“இது அப்படித்தாம்மா வரும்!”

நேசம்மாள் மெதுவாகச் சொன்னாள்:

“அப்பம்... குருசடிப் படி நனஞ்சு கெடந்துதே மக்கா. ஆரோ கழுவி விட்டிருக்காவன்னுல்லா நெனச்சேன்.”

சிலுவை நிற்கிற அந்தக் குருசடி தெருவுக்கு நடுவில் இருக்கிறது. கடலிலிருந்து முந்நூறு அடி. ஷெர்லி கடிகாரத்தைப் பார்த்தாள். மணி இரண்டுகூட ஆகவில்லை. போனுக்குள் பிள்ளைகளின் சத்தம் சட்டென்று அலறலாக மாறியது. கோயில் மணி இன்னும் அடிக்கவில்லை.