மூக்கு மழுங்கிய கத்தி

குழந்தைவேல் கத்தியை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். அடியிலிருந்து முக்கால் பங்குவரை நல்ல கூர். வாழை நாரைத் தொட்டாலே இரண்டாகிறது. நுனியில் ஒரு விரல் அகலம் மட்டும் எதையும் வெட்டவில்லை. கூராக நிற்கவேண்டிய மூக்கு, தேய்ந்த சோப்புத் துண்டுபோல உருண்டிருந்தது. சாணைக்கல்லும் ஒன்றுதான், கையும் ஒன்றுதான். அப்புறம் நுனி மட்டும் ஏன் கெடுகிறது?

“இதோட மூணு கத்தி ஆச்சு,” என்றார் எதிரே நின்ற சின்னண்ணன். செவ்வாய்ப்பேட்டையில் ஆட்டுக்கறிக் கடை வைத்திருப்பவர். “தோலைக் கீறித் திறக்க மூக்குதான் வேணும். இந்த மூக்கை வெச்சு அழுத்துனா வழுக்கிட்டுப் போய்த் தோலு ஓட்டையாகுது. ஊசியைக் குடுத்தா உலக்கையாக்கித் தர்றியேப்பா.”

“கல்லு புதுசுங்க. இன்னும் பழகலைங்க.”

“கல்லு பழகலையா, நீ பழகலையா?” சின்னண்ணன் துணிச்சுருளைப் பிரித்து இன்னொரு கத்தியை வைத்தார். “இது என் நல்ல கத்தி. காலையில வாரேன். இதுவும் போச்சுன்னா நானும் வரமாட்டேன், எங்க கடை வரிசையில ஒருத்தனும் வரமாட்டான். சங்ககிரிச் சாணைக்காரன்கிட்டப் போயிருவோம்.”

யுத்தத்தில் நூல் கிடைக்காமல் போனதிலிருந்து குழந்தைவேலின் தறி சும்மா நின்றது. சாணை பிடிப்பதுதான் இப்போது பிழைப்பு. அந்தக் கறிக்கடை வரிசையும் கைவிட்டுவிட்டால், அவன் கோயம்புத்தூர்ப் பஞ்சாலைக்குத் தனியாகப் போகவேண்டியதுதான். படுத்த படுக்கையாய்க் கிடக்கும் தன் தாயை விட்டுவிட்டு அவன் மனைவி உண்ணாமலையால் கூட வரமுடியாது.

சாணை என்பது எளிய பொறிதான். குருந்தக்கல் பொடியை அரக்கில் குழைத்து வார்த்த சக்கரம். அதன் அச்சில் சுற்றிய ஒரு தோல்வார். வாரின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு உண்ணாமலை மாற்றி மாற்றி இழுப்பாள். சக்கரம் தனக்கு வெளிப்பக்கமாய்ச் சுழலும்போது, குழந்தைவேல் கத்தியை அடியிலிருந்து மூக்குவரை அதன்மேல் ஒரே ஓட்டமாய் ஓட்டுவான். ஓர் இழுப்புக்கு ஓர் ஓட்டம்.

நல்ல கத்தியை அவன் தொடவில்லை. பழைய கத்தி ஒன்றை எடுத்தான். மேடு பள்ளம் இருக்குமோ என்று கல்லைச் சீவிச் சமனாக்கி, கத்தியை ஓட்டினான். மூக்கு உருண்டது. சூடுதான் காரணமோ என்று அடிக்கடி தண்ணீரில் முக்கினான். அப்போதும் உருண்டது. கடைசியில் கத்தியின் வாய், அதாவது வெட்டும் ஓரம் முழுக்க விளக்குக்கரி பூசி, ஒரே ஒருமுறை ஓட்டிப் பார்த்தான். கரி எங்கே போயிருக்கிறதோ அங்கே கல் பட்டிருக்கிறது என்று அர்த்தம். அடியில் நூலிழை அகலத்துக்குத்தான் கரி போயிருந்தது. மூக்கிலோ பட்டையாக வழித்தெடுத்திருந்தது.

“அங்க மட்டும் கல்லு அதிகமாத் தின்னுது,” என்றான். “ஏன்னுதான் தெரியல.”

“ஏனுங்க, எனக்குத் தெரியுமுங்க,” என்றாள் உண்ணாமலை. “ஒவ்வொரு இழுப்பும் கடைசியில கனக்குது. கிணத்துல வாளி தண்ணியை விட்டு மேல வருமே, அதாட்டம். நான்கூட வேணும்னுதான் அழுத்துறீங்கன்னு இருந்தேன்.”

“நான் எங்க அழுத்துனேன்?”

“அப்பச் சக்கரம் தானா வந்து கத்தியைக் கடிக்குதாக்கும்.”

அவன் மறுபடி ஓட்டினான், இந்த முறை தன் இடது கையையே பார்த்துக்கொண்டு. மூக்கு நெருங்கும்போது விரல்கள் தாமாகவே இறுகின. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெசவில் குறுக்குநூலை இழுத்துச் செல்லும் நாடா மறுகரைக்குப் போய்ச் சேர்ந்ததும் அந்த ஊடைநூலைச் சுண்டி இறுக்கவேண்டும். இல்லாவிட்டால் துணியின் கரை தொளதொளத்துப் போகும். ஓட்டத்தின் முடிவில் இறுக்கு என்று பத்து வயதிலிருந்து பழகிய கை, கத்தியின் முடிவிலும் இறுக்கியிருக்கிறது.

கரி பூசி, இறுக்காமல் ஓட்டினான். மூக்கில் கரி அழிந்த பட்டை பாதியாகக் குறைந்தது, முழுக்கப் போகவில்லை. மீண்டும் கரி பூசி ஓட்டினான். இப்போது மூக்குக்குச் சற்று முன்னால், வாய் வளையத் தொடங்கும் இடத்தில், கரி கொஞ்சமும் அழியாமல் இருந்தது. வாய் மேல்நோக்கி வளைகிறது, கையோ கத்தியை நேராகவே கொண்டுபோகிறது. அதனால்தான் வளைவு கல்லில் படாமல் தப்புகிறது. பிடியை மெல்ல உயர்த்திப் பார்த்தான். வளைவு கல்லில் வந்து பொருந்தியது. ஆனால் மூக்கு கல்லின் ஓரத்தைத் தாண்டிச் சரியும்போது அந்த விளிம்பு அதைச் சீவியது. தாண்டவிடாமல், கல்லின் நடுவிலேயே கத்தியை எடுத்தான். வார் முதலிலிருந்து கடைசிவரை ஒரே கனமாய் ஓடியது. அதற்குப் பிறகுதான் சின்னண்ணனின் கத்தியைக் கையில் எடுத்தான்.

காலையில் சின்னண்ணன் கூடவே ஓர் ஆட்டுக்காலையும் கொண்டுவந்திருந்தார். மூக்கை வைத்துக் குளம்புக்கு மேலே ஒரு கோடு கீறினார். தோல் மட்டும் திறந்தது. சதையில் கீறல் இல்லை. இன்னொரு கோடும் கீறிப் பார்த்தார்.

“வரிசைக்காரங்ககிட்டயும் குடுத்தனுப்பச் சொல்றேன்,” என்றார். “கல்லை மாத்திட்டியா?”

“இல்லைங்க, கையைத்தான் மாத்துனேன். அடியிலிருந்து மூக்குவரைக்கும் ஒரே அழுத்தம். வளைவு வந்ததும் பிடியைக் கொஞ்சம் தூக்கணும். மூக்கு கல்லு நடுவுக்கு வந்ததும், ஓரத்தைத் தாண்டறதுக்கு முன்னால கத்தியை எடுத்துரணும். அவ்வளவுதானுங்க.”