மீசை வரைய மாட்டேன்

என் படக்கதையின் நாயகி செத்துப்போனவள். பதிப்பகத்து ஆசிரியர் அதற்கு மறுப்பு சொல்லவில்லை. "பேய்க்கதை நல்லா ஓடும்மா" என்றார். அவள் என்னை முத்தமிடும் கட்டம் வந்ததும்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பேயை ஆம்பளையா மாத்திடு."

"ஏன் சார்?"

"படிக்கிறவன் நம்பணும் இல்ல?"

செத்தவள் எழுந்து வந்து என் துணியை மடித்து வைக்கிறாள். அதை நம்புவானாம். அவள் என் உதட்டைத் தொட்டால்தான் நம்ப மாட்டானாம்.

"முழுசா மாத்த வேணாம். ஒரு மீசை, முடியில ஒரு வெட்டு. நாளைக்குக் கொண்டு வா, அட்டையில உன் பேரைப் போட்டு அச்சுக்கு அனுப்பிடலாம்."

எங்கள் வீட்டில் அச்சில் வந்த ஒரே பெயர் என் பட்டச் சான்றிதழில் இருப்பதுதான். அம்மா அதைச் சட்டம் போட்டு டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறாள். அடுத்து புத்தகம் என்று சொந்தக்காரர் அத்தனை பேரிடமும் தம்பட்டம் வேறு அடித்தாயிற்று.

நான் எதையும் கற்பனை செய்யவில்லை என்பது ஆசிரியருக்குத் தெரியாது. என் வாடகை அறையில் முன்பு குடியிருந்த தையல்காரி அவள். காய்ச்சலில் போனாள், போனவள் அறையைக் காலி செய்யவில்லை. முதலில் வெறும் குரல். "ஃபேனை நிறுத்திட்டுப் போடி, கரண்டு என்ன உங்கப்பன் வீட்டுதா?" என்று திட்டும். பிறகு அவள் சொல்லச் சொல்ல அவள் முகத்தைப் பென்சிலில் வரைந்தேன். கண்ணுக்குத் தெரிந்தாள். மை போட்டேன். கைக்கு எட்டினாள். அன்றிலிருந்து நான் போடும் கோடுதான் அவள் உடம்பு. மூக்கைச் சப்பையாக்கிவிட்டேன் என்று இன்றுவரை சண்டை.

அறைக்குப் போய் அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். மேசையில் ஏறி உட்கார்ந்து காலாட்டிக்கொண்டே கேட்டாள்.

"மீசைதானே? போட்டுக்கோ. உங்கம்மா எவ்வளவு ஆசையா இருக்காங்க. செத்தவளுக்கு என்னடி சிங்காரம்?"

"சும்மா இரு."

"பென்சில்லதான் போட்டுப் பாரேன். அழகா இருந்தா வச்சுக்கறேன்."

லேசாக இரண்டு கீற்று. அவள் உதட்டுக்கு மேலேயும் அரும்பியது. கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாள். "அப்படியே எங்க தாய்மாமன்." சிரிப்பு சட்டென்று நின்றது. கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது என் குரல் இல்லடி."

இல்லைதான். கனத்து, யாரோ ஒருவன் பேசுவதுபோல இருந்தது. பென்சிலுக்கே இப்படி. மை காய்ந்தால் அவள் திரும்பி வர மாட்டாள்.

"பரவாயில்ல, நீ சொன்னா சரி" என்றாள் அந்தக் குரலிலேயே. "எங்கண்ணன் மாப்பிள்ளை பார்த்தப்பவும் இதேதான் சொன்னேன். நீங்க சொன்னா சரின்னு."

"உயிரோட இருந்தப்ப அடங்கினது போதும். செத்தும் அடங்கணுமா?"

ரப்பரை எடுத்து அழுத்தித் தேய்த்தேன். "மெதுவா, எரியுது" என்றாள், தன் குரலில். அவள் மேலுதடு சிவந்திருந்தது. அங்கேயே முத்தமிட்டேன்.

மறுநாள் ஆசிரியர் பக்கங்களைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் புரட்டினார்.

"மீசை எங்க?"

"இல்ல. முத்தம் ஒரு கட்டத்துல இருந்தது. முழுப் பக்கமாக்கிட்டேன்."

"அட்டையில பேர் வேணாமா உனக்கு?"

"வேணும். பக்கத்துல அவ பேரும் வேணும்."

பக்கங்களை என் பக்கமே தள்ளிவிட்டார். "இதை எவனும் போட மாட்டான்."

"எவளாவது போடுவா."

படியிறங்கும்போதே அம்மாவுக்குப் போன் போட்டேன். "புத்தகம் எப்போடி வருது?" என்று ஆரம்பித்தாள்.

"இங்க வராதும்மா. அவளை ஆம்பளையா மாத்தச் சொன்னாங்க. முடியாதுன்னுட்டேன்."

"எவளை?"

"நான் சேர்ந்து வாழறவளை."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவி நின்றது. போனை வைப்பதானால் அம்மாவே வைக்கட்டும். நான் வைப்பதாக இல்லை.