பாலத்துக்கு முன்னாடி

பீடோர் தோட்டத்து ரோட்டில், வளைவில்தான் என் தம்பி கிளென் செத்துக் கிடந்தான். மோட்டார் சைக்கிள் சறுக்கித் தானாக விழுந்துவிட்டான் என்று போலீஸில் எழுதிக்கொண்டார்கள். நான் நம்பவில்லை. முன்விளக்கு சுக்குநூறாக உடைந்திருந்தது, ஆனால் வளைவில் ஒரு கண்ணாடித் துண்டுகூட இல்லை. பெட்ரோல் டாங்கியில் பச்சைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. நான் வேலை செய்யும் பார்சல் கம்பெனி வேன்களின் அதே பச்சை. எவனோ அவனை வேறெங்கோ வேனால் அடித்து, அவனையும் மோட்டார் சைக்கிளையும் அதிலேயே தூக்கிப் போட்டு வந்து, குப்பை மாதிரி இங்கே கொட்டியிருக்கிறான்.

அந்த ரோட்டில் வேன் ஓட்டுபவர்கள் எங்கள் டிரைவர்கள் நாலு பேர். நாலு பேருமே புந்தோங்கில் எங்கள் வீட்டுக்கு வந்து துக்கம் விசாரித்தார்கள். அவர்களில் தேவன் அண்ணன் சவப்பெட்டிக்குத் தோள்கூடக் கொடுத்தார்.

டிரைவர்களின் போனில் ஓடும் ஆப்பைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஆபத்தான இடத்தை நெருங்கினால் போன் சத்தம் போட வேண்டும் என்றார் முதலாளி. முதல் இடமாக அந்த வளைவைக் குறித்தேன். சுற்றிலும் முந்நூறு மீட்டர் வட்டம். உள்ளே நுழைந்தால் ஒரு குரல் சொல்லும்: “விபத்து நடந்த இடம். மெதுவாகப் போகவும்.” அடித்தவன் தினமும் அதைக் கேட்டுச் சாகட்டும். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

மூன்று பேர் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். தேவன் அண்ணன் அப்படியில்லை. தேத்தண்ணியில் சீனி குறைந்தாலும் கடைக்காரரை ஒரு பிடி பிடிக்காமல் எழுந்திருக்க மாட்டார். மூன்றாம் நாள் என் மேசைக்கு வந்து போனை நீட்டினார்.

“என்னா தங்கச்சி, உன் ஆப்பு லேட்டா கத்துது? பாலம் தாண்டிப் போனப்புறம் அடிச்சு என்னா புண்ணியம்? பாலத்துக்கு முன்னாடியே அடிக்கணும் லா.”

வளைவுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் இருக்கிறது பாலம். அங்கே ஏதோ நடந்தது என்று யாருக்கும் தெரியாது, அடித்தவனைத் தவிர.

குறிப்பேட்டில் ‘பாலம்’ என்று எழுதிக்கொண்டேன்.

“சரிண்ணே. மாத்திடுறேன்.”

மறுநாள் விடிந்ததும் பாலத்தடிக்குப் போனேன். இடுப்புயர லாலாங் புல். இரண்டு மணி நேரம் துழாவியதில் விளக்குக் கண்ணாடி கிடைத்தது. பக்கத்திலேயே கிளெனின் இடது கால் செருப்பு. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்தபோது எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. இதே இடத்தில் தேவன் முகத்தை நான் பார்க்க வேண்டும்.

கண்ணாடியையும் செருப்பையும் கொடுத்து, போலீஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த நாள் இன்ஸ்பெக்டர் ஒரு போலீஸ்காரரோடு பாலத்துக்கு வந்தார்; நானும் அங்கே காத்திருந்தேன். அதற்குள் வட்டத்தை, தேவன் கேட்டபடியே, பாலத்துக்கு மாற்றியிருந்தேன். அவன் வேன் நெருங்கினால் என் போனும் அடிக்கும்.

ஒன்பது பத்துக்கு அடித்தது.

பச்சை வேன் தெரிந்தது. போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். கண்ணாடியை இறக்கிய தேவன், இன்ஸ்பெக்டர் கையிலிருந்த பையையும் அதற்குள் இருந்த செருப்பையும் பார்த்தான். முகம் வெளுத்துப்போனது. அவன் போன் மட்டும் விடாமல் பேசிக்கொண்டிருந்தது: “விபத்து நடந்த இடம். மெதுவாகப் போகவும்.”

நான் ஜன்னலருகே போய்க் குனிந்தேன்.

“இப்ப டைமுக்கு அடிச்சுச்சாண்ணே?”