கொச்சிக்காய்க்கு வாங்கிய சீனி

ஸைனுலாப்தீன் வீட்டுக்குச் சீனி வந்திருக்கிறது என்ற செய்தி, ஸைனுலாப்தீன் துறையிலிருந்து வந்து சேருமுன்பே எங்கள் ஒழுங்கைத் தெருவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. கூப்பனுக்குக் கிடைக்கும் சீனியைப் பிள்ளை மருந்து போல நுனிக்கரண்டியில் அளந்துகொண்டிருந்த எழுபதுகளின் நடுப்பகுதி அது. பிள்ளை பிறந்த வீட்டுக்குக்கூட கிண்ணியாவில் அவ்வளவு கெதியாய் ஆட்கள் போனதில்லை. நான் அடுப்புக்கு நெருப்பு எடுக்கவென்று சிரட்டையோடு போனேன். என் வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது வேறு விஷயம்.

போனால், துறையடியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் முத்தலிப் ஏற்கெனவே கதிரையில் அமர்ந்திருந்தார். கடையை யாரிடம் விட்டு வந்தாரோ தெரியாது. மேசையில், ஜப்பான் எழுத்துப் போட்ட கடதாசியின் மேல், கறுப்பாய் ஒரு கட்டி இருந்தது.

"இது தேத்தண்ணிக்கு இல்ல ராத்தா," என்றான் ஸைனுலாப்தீன், பக்கத்து வீட்டு மூத்தவள் நான் வாய் திறக்குமுன்பே. "கொச்சிக்காய்க்கு."

"கொச்சிக்காய் எப்பயிருந்து தேத்தண்ணி குடிக்குது?" என்று கேட்டேன்.

இந்த மனிதனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். திருகோணமலைத் துறைமுகத்தில் வள்ளம் ஓட்டி, நங்கூரம் போட்ட கப்பல்களுக்கு ஆட்களையும் சாமான்களையும் ஏற்றி இறக்குகிறவன். கடலில் கெட்டிக்காரன். தரையில் கால் வைத்தால் ஏதாவதொரு யோசனை அவனைப் பிடித்துக்கொள்ளும். முன்னொருமுறை முயல் வளர்த்தான். முயல்கள் நன்றாகத்தான் வளர்ந்தன, எங்கள் கீரைப் பாத்திகளில். இந்த முறை கொச்சிக்காய், மற்ற ஊரார் மிளகாய் என்பார்கள். வெளிநாட்டுக் கொச்சிக்காய் வருவது நின்று, செத்தல் கொச்சிக்காயைப் பெண்கள் நகைப்பெட்டியில் வைக்காத குறையாக இருந்ததால் யோசனையைக் குறை சொல்ல ஏலாது. ஆனால் உரம் என்ற சாமான் எங்கு தேடினாலும் இல்லை. செடிகள் இலை சுருண்டு, பள்ளியில் அடி வாங்கிய பிள்ளைகள் போல வரிசையில் நின்றன.

வீட்டைச் சுற்றியுள்ள வளவும் அவனுடையதல்ல. எங்கள் ஊரில் வீடும் வளவும் பெண்ணுக்கு. மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவான். வளவு அவன் மனைவி பரீதாவின் பெயரில் இருந்தது. அவளுடைய காக்கா, கூடப்பிறந்த அண்ணன் அலியார், தம்பலகாமத்தில் வயல் செய்கிறவர், புதிதாய் ஒரு ட்ரக்டர் எடுத்திருந்தார். மாரி மழைக்கு முந்தி அதற்கொரு கொட்டில் வேண்டும். அவர் கண் வைத்த இடம் கொச்சிக்காய்ப் பாத்தி. காக்காவுக்கும் புருஷனுக்கும் நடுவில் நின்று பரீதா ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தாள்: முதல் நோன்புக்கு விடியுமுன் தின்கிற சஹர் சோற்றுக்கு இந்த வளவுக் கொச்சிக்காயில் சம்பல் இடிக்கவேண்டும். இடித்தால் கொச்சிக்காய் நிற்கும். இல்லாவிட்டால் ட்ரக்டர் நிற்கும்.

காக்காவுக்கு அது வெறும் கொட்டில். ஸைனுலாப்தீனுக்கு அப்படியல்ல. பிறந்ததிலிருந்து தண்ணீருக்கு மேல் பிழைத்தவன். தன் கையால் நட்ட ஒன்று வேர் பிடித்து நிற்பதைப் பார்க்கவேண்டுமென்று அவனுக்கொரு ஆசை. அதை யாரிடமும் சொன்னதில்லை. செடிகளிடம்தான் சொல்வான், எனக்குக் காது கொஞ்சம் நன்றாகக் கேட்கும்.

"ஜப்பான் கப்பலுக்குப் போனனான்," என்று கதையைத் தொடங்கினான். "சமைக்கிற குசினிக்குப் பின்னால, தகரத்துக்குள்ள, கொச்சிக்காய் மரம். காய் எண்டா காய்! குசினிக்காரன் ஒரு சாடியத் திறந்து காட்டினான். மீன் குடலும் இந்தக் கறுப்புச் சீனியும். ஊற வெச்சு, வடிச்சு, தண்ணியில கலந்து தெளிக்கிறது. மீன் எவ்வளவோ சீனியும் அவ்வளவு."

"ஜப்பான் பாஷை உங்களுக்கு எப்ப வெளங்கத் தொடங்கின?" என்று முத்தலிப் கேட்டார்.

"ரெண்டு கையையும் தராசு மாதிரிப் பிடிச்சுக் காட்டினான். அதுக்கு என்னத்துக்குப் பாஷை? மீன் நம்மட துறையில சும்மா கிடக்கு. இந்தச் சீனிக்கு இஞ்ச என்ன பேர் எண்டதுதான் தெரியவேணும்."

"அத ருசி பார்த்தாத் தெரியும்," என்று முத்தலிப் ஒரு மூலையை உடைத்து வாயில் போட்டுக் கண்ணை மூடினார். "கித்துல் கருப்பட்டி. சந்தேகமே இல்ல. எண்டாலும் இன்னொருக்காப் பார்ப்பம்."

நானும் பார்த்தேன். எனக்குப் பனங்கட்டி போலத்தான் பட்டது. உறுதிப்படுத்த மறுபடியும் பார்த்தேன். அலியார் வந்தார், பெரிய துண்டாய் எடுத்துக் கடித்து, "இது சீனி இல்ல, கப்பலுக்குப் பூசுற தார்," என்றார். சொல்லிவிட்டு விரலையும் நக்கினார். ஒழுங்கையில் நாக்கு உள்ள எல்லோரும் வந்து போனார்கள். பின்னேரம் பரீதா கடதாசியை மடிக்கும்போது அதில் பொடிதான் மிச்சம். அதை அவள் வாயில் போட்டுக்கொண்டாள். யாரும் அவளிடம் என்ன ருசி என்று கேட்கவில்லை.

கடைக்காரர் சொல் அம்பலம் ஏறியது. கண்டி லொறிக்காரனிடம் சொல்லி முத்தலிப்பே மலைநாட்டுக் கித்துல் மரத்துக் கருப்பட்டி எடுப்பித்தார். கன்னங்கரேலென்று, கை பட்டால் ஒட்டும் மெதுமெதுப்பு. நல்லதா கெட்டதா என்று பார்க்கவேண்டாமா? கருப்பட்டியைத் தேத்தண்ணியில்லாமல் பார்க்கிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. வெறும் தேத்தண்ணியில் ஒரு மிடறு, கருப்பட்டியில் ஒரு கடி. பரீதா கேத்திலை இறக்க நேரமில்லாமல் நின்றாள்.

"அற்புதம்," என்றார் முத்தலிப், மூன்றாவது கோப்பையில்.

அற்புதத்தில் மிஞ்சியதை ஸைனுலாப்தீன் பானையிலிட்டான். மீன் குடலை மட்டும் கப்பல்காரன் போலத் தாராளமாய்ப் போட்டான். இனிப்புக் குறைந்த பானை என்ன செய்யும்? அழுகியது. காற்று கடல் பக்கம் திரும்பிய நேரம் பார்த்துத்தான் நாங்கள் சோறு தின்றோம். மூடியைத் திறந்தபோது உள்ளே புழுக்கள் மாநாடு வைத்திருந்தன. வளவின் கோடியில் குழி வெட்டி அதை அடக்கம் செய்தான். அலியார் குழியை எட்டிப் பார்த்து, "மச்சான், ட்ரக்டர் மணக்காது," என்று மட்டும் சொன்னார்.

அடுத்ததாக என் பனங்கட்டிக்கு முறை வந்தது. அவனோடு வள்ளத்தில் வேலை செய்யும் யோகலிங்கம், யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரரிடமிருந்து ஓலைக் குட்டானில் வருவித்துக் கொடுத்தான். இம்முறை ஸைனுலாப்தீன் புத்தி கற்றிருந்தான். தேத்தண்ணி கிடையாது, பனங்கட்டி பூட்டிய அலுமாரிக்குள், திறப்பு இடுப்பில். ஆனால் பனங்கட்டி இருமலுக்கு மருந்தாயிற்றே. அந்தக் கிழமை எங்கள் ஒழுங்கையில் எல்லோருக்கும் இருமல் வந்தது. எனக்கு வந்த இருமலைக் கேட்டுப் பரீதா பயந்தே போனாள்.

"ராத்தா, நேத்து நல்லாத்தானே சண்டை பிடிச்சீங்க?"

"அதுலதான் தொண்டை கட்டின புள்ள."

மருந்துக்குப் போக மிஞ்சியதற்குச் சமனாய் மீனையும் குறைத்து, சின்ன முட்டிப் பானையில் போட்டு வாயைச் சீலையால் கட்டினான். புழு வரவில்லை. வேறொன்றும் வரவுமில்லை. நுரைக்கவில்லை, கரையவில்லை, போட்ட குடல் போட்டபடி கிடந்தது. யோகலிங்கம் வந்து பார்த்துத் தலையைச் சொறிந்தான். "அண்ணை, பனஞ்சாறு புளிச்சுப் போகாம இருக்க முட்டிக்குள்ள சுண்ணாம்பு பூசித்தான் இறக்கிறவை. இந்தக் கட்டியில சுண்ணாம்பு கூடிப்போச்சுப் போல. புளிக்காம இருக்கச் செய்த சாமானைப் புளிக்கச் சொன்னால் அது என்ன செய்யும்?"

"இத நீ தரேக்க சொல்லியிருக்கலாமே?"

"நீங்கள் இருமலுக்கெண்டு நினைச்சன்."

நோன்புக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது. ஒரு காலை அலியார் ட்ரக்டரோடும் அது பின்னால் இழுக்கிற பெட்டியோடும் வந்து, கயிறு பிடித்து வளவை அளக்கத் தொடங்கினார். கயிறு பாத்தியின் நடுவால் போயிற்று. ஸைனுலாப்தீன் கயிறு பட்ட செடியொன்றை நிமிர்த்தி விட்டான். கயிறு இறங்கியதும் அது மறுபடி சாய்ந்தது. அவன் மறுபடி நிமிர்த்தினான். எனக்கே ஒருமாதிரியாகிவிட்டது. அவனைப் பகிடி பண்ண வந்தவள், பண்ணாமல் நின்றேன்.

பரீதா குசினியிலிருந்து வந்தாள். புருஷனைப் பார்க்கவில்லை, காக்காவையும் பார்க்கவில்லை. நேரே ட்ரக்டர்ப் பெட்டிக்குப் போய் அங்கே கிடந்த சாக்கை அவிழ்த்தாள்.

"அது மாட்டுக்கு!" என்றார் அலியார். "கந்தளாய்ப் பக்கம் ஒருத்தன் கரும்புச் சாறு காய்ச்சி அடிப்பிடிச்ச சர்க்கரை. மனிசர் தின்ன ஏலாது."

அவள் ஒரு துண்டைக் கடித்தாள். கறுப்பு, காய்ந்த மொரமொரப்பு. மென்றாள், நின்றாள், மறுபடி மென்றாள்.

"இதுதான்," என்றாள்.

"எது?"

"கப்பல் சீனி. நீங்க எல்லாரும் முதல் கடியப் பார்த்தீங்க. முதல் கடியில எல்லாச் சீனியும் ஒண்டுதான். நான் கடைசிப் பொடிய முழுங்கினனான். அடியில ஒரு கசப்பு, பல்லுல சாம்பல். கித்துல்ல அது இல்ல, பனங்கட்டியிலயும் இல்ல. அதுகள் தேத்தண்ணிக்கு நல்லது. இவருக்கு வேண்டியது தேத்தண்ணிக்கு ஆகாதது."

"அப்ப ஏன் புள்ள இவ்வளவு நாளும் சொல்லல்ல?" என்று நான் கேட்டேன்.

"ஆர் கேட்டீங்க? நான் கோப்பை கழுவிக்கொண்டு நிண்டன்."

அலியார் சாக்கின் வாயைப் பிடித்தார். பரீதா சாக்கின் அடியைப் பிடித்தாள். வளவு தன் பெயரில் இருக்கிறது என்பதை ஒரு பெண் சொல்லிக் காட்டத் தேவையில்லை. அவள் பார்த்த பார்வையில் அவர் கை தானாய் விட்டது.

சர்க்கரையைச் சோதிக்க ஆட்கள் வராமலில்லை. முத்தலிப் ஒரு கடி கடித்து, துப்பவும் ஏலாமல் விழுங்கவும் ஏலாமல், கடையில் அவசர வேலை என்று போனார். நானும் கடித்தேன். அடுப்புக் கட்டியை நக்கியது போலிருந்தது. அன்றோடு ஒழுங்கை முழுக்க இருமல் சுகமாயிற்று. அலுமாரி தேவைப்படவில்லை. சாக்கு விறாந்தையில் வாய் திறந்தபடி கிடந்தது. ஒரு துண்டும் குறையவில்லை.

கீரி மீன் குடல் ஒரு பங்கு, சர்க்கரை ஒரு பங்கு. முதல் தடவையாய் இரண்டும் உண்மையிலேயே சமன். பானை தன்பாட்டில் நுரைத்தது, தன்பாட்டில் அடங்கியது. மூக்கைப் பொத்திக்கொண்டு போன எனக்கு, கனிந்த ஈச்சம்பழம் போல ஒரு மணம் வந்தது. குடல் கரைந்து தேன் நிறத்தில் சாறு மிதந்தது. ஸைனுலாப்தீன் சந்தோஷத்தில் அதை அப்படியே ஒரு வரிசைக்கு ஊற்றினான். வரிசை கருகிற்று.

"சம்பலுக்கு உப்பையும் இப்படித்தான் போடுவீங்களா?" என்று பரீதா பானையைப் பறித்தாள். பிறகு ஒரு பெரிய வாளித் தண்ணீருக்கு ஒரு சின்னக் கரண்டி என்று அவள்தான் கலந்தாள். வெயில் இறங்கியபின் அவன் இலையில் தெளித்தான். கொஞ்சம் கொஞ்சமாய், சுருண்ட இலைகளுக்கு மேலே நெளிவில்லாத புது இலை வந்தது. பிறகு வெள்ளைப் பூ. நான் ஒவ்வொரு நாளும் நெருப்பு எடுக்கப் போகவேண்டியதாயிற்று. என் வீட்டு அடுப்பு அவ்வளவு மோசம்.

பிறை பார்க்கிற பின்னேரம் அலியார் வந்தார். ட்ரக்டர்ப் பெட்டி நிறையக் கம்புகள். வந்தவர் வாசல் கேட்டடியில் நின்றுவிட்டார். பாத்தியில் காய்கள் மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் பிடித்திருந்தன. உரலடியில் பரீதா தேங்காய்ப்பூவோடு பச்சைக் கொச்சிக்காய் இடித்துக்கொண்டிருந்தாள்.

"சஹருக்கு முந்தி காக்கா ருசி பாருங்க," என்று சோற்றோடு நீட்டினாள்.

அலியார் ஒரு வாய் வைத்தார். இரண்டாவது வாய் வைக்கும்போதே கண்ணால் தண்ணீர் வடிந்தது.

"உறைப்புக் காணாது," என்றார்.

"அப்ப இன்னொரு கரண்டி போடவா?"

"வேணாம் வேணாம். நோன்புக்கு மிச்சம் வெய்." தண்ணீரைச் செம்போடு குடித்து முடித்து, குரலைத் தாழ்த்தி ஸைனுலாப்தீனிடம் கேட்டார்: "மச்சான், அந்தப் பானைத் தண்ணிய நெல்லு நாத்துக்கும் அடிக்கலாமோ?"

"சாக்கு உங்கட. பானை என்ட. கதைப்பம்," என்றான் ஸைனுலாப்தீன். அவன் முகத்தைப் பார்க்கவேண்டும். கப்பலையே விலைக்கு வாங்கியவன் போல நின்றான்.

"கம்பைத் திருப்பிக் கொண்டு போகட்டா?" என்று அலியார் தங்கையைக் கேட்டார்.

"வேணாம், இறக்குங்க."

ஸைனுலாப்தீனின் சிரிப்பு அப்படியே நின்றது.

"வேலிக்கு," என்றாள் பரீதா. "காய் வந்திட்டு. இனி நெருப்பு எடுக்கவும் மருந்து கேட்கவும் ஊரே வரும். ட்ரக்டர் பள்ளிக்குப் பக்கத்துல உள்ள என்ட மற்றத் துண்டுல நிக்கட்டும். இந்தப் பக்கத்த இண்டைக்கே அடைக்கவேணும்."

இந்தப் பக்கம் என்றால் என் பக்கம். ஆரைச் சொல்கிறாள் என்று நான் சுற்றிப் பார்த்தேன். வேறு யாரும் நிற்கவில்லை. நான் அன்று ஒன்றுக்கும் வரவில்லை. பிறை தெரிந்ததா என்று கேட்கத்தான் வந்தேன். வரும் வழியில் பாத்தி இருந்தது, அவ்வளவுதான்.

மச்சான்மார் இருவரும் குழி வெட்டத் தொடங்கினார்கள். ஒருவர் வெட்டியது ஆழமில்லை என்று மற்றவர் சொல்ல, மற்றவருடையது நேரில்லை என்று இவர் சொல்ல, வேலை கலகலவென்று நடந்தது. முதல் கம்பைத் தூக்கி நிறுத்திய பரீதா என்னைக் கூப்பிட்டாள்.

"ராத்தா, சும்மா நிக்காம இதக் கொஞ்சம் பிடிங்க. ரெண்டு கையாலயும்."

ஒரு கையால்தான் பிடித்தேன். மற்றக் கையால் நிறைந்திருந்த மடியைப் பிடிக்கவேண்டியிருந்தது.